மென்மையான வயிறும் மரக்கறி விருந்தும்

(தில்லியில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் கம்பனைப் பற்றியோ சிலம்பைப் பற்றியோ பேசுவது மரபு. வயிற்றைப் பற்றிப் பேச வந்து நிற்கும் என்னைக் கண்டு உங்களிற் சிலர் புன்முறுவல் பூக்கக்கூடும். ஆயினும், சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்கத்துப் பந்தியில் நான் கண்ட காட்சியே இப்பொருளை எடுத்துக்கொள்ளும்படி என்னைத் தூண்டியது. இலை நிறையப் பரிமாறிய அப்பந்தியில், என் வரிசையில் மட்டும் மூவர் ஒரு பிடி மோர்ச்சாதத்தோடு எழுந்துவிட்டனர். ஒருவர், 'வெங்காயம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை' என்றார். மற்றொருவர், 'பருப்பென்றாலே அச்சமாக இருக்கிறது' என்றார். மூன்றாமவர் ஒன்றும் கூறாமல் இலையை மடித்தார். சில ஆண்டுகளுக்கு முன்பாயின் நானும் அவர்களோடு நான்காமவனாக எழுந்திருப்பேன். ஆதலால் இதனைப் பேச எனக்குச் சிறிது உரிமை உண்டென்று கருதுகிறேன்.

என் கதையைச் சுருங்கக் கூறிவிடுகிறேன். உணவுக்குப் பின் வயிறு உப்புவதும், வலிப்பதும், காலைப் பொழுதில் நான்கைந்து முறை கழிப்பறைக்கு ஓடுவதும் எனக்கு வழக்கமாயின. வலி வந்த ஒவ்வொரு நாளும் அன்று உண்டவற்றுள் ஒன்றைக் குற்றவாளியாக்கி விலக்கி வைத்தேன். முதலில் கோதுமை போயிற்று. பின்னர்ப் பருப்பு போயிற்று. பால், தயிர், பழம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஈராண்டு முடிவில் என் இலையில் எஞ்சியவை ரசம் சாதமும் வேகவைத்த உருளைக்கிழங்குமே. என் இல்லாள் ஒவ்வொரு வேளையும் இருவகைச் சமையல் செய்து அலுத்தாள். நண்பர் வீட்டுத் திருமணங்களுக்குச் செல்லவும் நான் அஞ்சினேன். உடல் ஒன்பது கிலோ இளைத்தது. உள்ளங்கால்கள் மரத்துப்போகத் தொடங்கின. அப்போது என்னைச் சோதித்த மருத்துவர் கூறிய சொற்கள் இன்றும் என் செவியில் ஒலிக்கின்றன: 'உமக்குப் பி12 என்னும் உயிர்ச்சத்து மிகக் குறைந்திருக்கிறது. உம்மை இளைக்கச் செய்தது நோய் அன்று. நோய்க்கு அஞ்சி நீர் மேற்கொண்ட உணவுதான்.'

அன்பர்களே! இன்று நான் சொல்ல விரும்பும் செய்தி முழுவதும் இவ்வொரு வாக்கியத்துள் அடங்கும். ஒவ்வாததை விலக்குவது எளிது. விலக்கியதை எப்போது, எவ்வளவு திரும்பச் சேர்ப்பது என்று அறிவதே அரிது.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' நாம் யாவரும் அறிந்தது. அதன் பத்துப் பாக்களுள் ஆறு, உணவையே பொருளாகக் கொண்டவை. முன் உண்டது செரித்ததை அறிந்து, பசித்த பின், அளவோடு உண்ணச் சொல்கிறார் வள்ளுவர். 'இதனை உண்ணாதே' என்று ஒரு காயையோ ஒரு பருப்பையோ அவர் பெயர் சொல்லி விலக்கவில்லை. அளவையும் பொருத்தத்தையுமே வற்புறுத்துகிறார். அதன் பின்னரே நோயையும் அதன் காரணத்தையும் ஆராயச் சொல்கிறார். இன்றைய மருத்துவ ஆராய்ச்சி வந்து சேர்ந்திருக்கும் இடமும் ஏறக்குறைய அதுவே.

ஆனால் அவ்விடத்தை அடையுமுன் அறிவியல் பல வளைவுகளைக் கடந்தது. 1920களில் குன்னூரில் ராபர்ட் மக்காரிஸன் என்னும் ஆராய்ச்சியாளர், நம் நாட்டுப் பல பகுதி மக்களின் உணவுகளை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, பச்சைக் காய்கறி ஆகியன சேர்ந்த வடமேற்கத்திய உணவில் எலிகள் செழித்தன. சென்னை மாகாணத்து அரிசியுணவில் மெலிந்தன. 1964ஆம் ஆண்டில் எஸ். எல். மல்ஹோத்ரா என்னும் இரயில்வே மருத்துவர், வயிற்றுப்புண் அரிசியுண்ணும் தெற்கே மிகுதி, கோதுமையுண்ணும் வடக்கே குறைவு என்று எழுதினார். இவற்றையெல்லாம் கேட்ட நம் முன்னோர் சிலர், 'தில்லிக்கு வந்துவிட்டோம். இனி ரொட்டியே மருந்து' என்று எண்ணியதில் வியப்பில்லை. பின்னர் 1982இல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்னும் இருவர், வயிற்றுப்புண் பெரும்பாலும் ஒரு நுண்ணுயிரால் வருவது என்பதற்கு வழிகாட்டும் கண்டுபிடிப்பைச் செய்தனர். அதற்காக 2005இல் நோபல் பரிசும் பெற்றனர். ஆகவே அரிசியும் குற்றவாளியன்று. மிளகாயும் தனிக் குற்றவாளியன்று.

புண்ணும் இல்லை, வேறு நோயும் இல்லை. ஆயினும் வயிறு ஓயாமல் முறையிடுகிறது. இந்நிலையை மருத்துவர்கள் 'ஐ.பி.எஸ்.' என்பர், 'எரிச்சலுறு குடல்' என்று தமிழில் கூறலாம். குடலின் நரம்புகள் இயல்பினும் கூர்மையாக உணர்வதே இதன் அடிப்படை. பிறர்க்குத் தெரியாமற் போகும் சிறு காற்றும் இவர்க்கு வலியாகத் தெரியும். இது கற்பனை நோய் அன்று என்பதை வீட்டிலுள்ளோர் முதலில் உணர வேண்டும்.

இவ்வலிக்கு உணவு எவ்வாறு காரணமாகிறது? ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலுள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கிப்சன், சூசன் ஷெப்பர்டு ஆகியோர் 2005இல் இதற்கொரு விளக்கம் தந்தனர். சில சிறு சர்க்கரைப் பொருள்கள் சிறுகுடலில் முழுதும் உறிஞ்சப்படாமல் பெருங்குடலைச் சென்றடைகின்றன. அவை வழியில் நீரை இழுக்கின்றன. பெருங்குடலிலுள்ள நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கச் செய்து காற்றை உண்டாக்குகின்றன. இப்பொருள்களின் தொகுதிக்கு 'ஃபாட்மேப்' என்று பெயரிட்டனர். வெங்காயம், பூண்டு, கோதுமை ஆகியவற்றிலுள்ள ஃப்ரக்டான், கடலை, ராஜ்மா, பட்டாணி முதலிய பருப்பினங்களில் உள்ள சர்க்கரைகள், பாலிலுள்ள லாக்டோஸ், ஆப்பிள், மாம்பழம், தேன் ஆகியவற்றில் மிகுந்திருக்கும் பழச்சர்க்கரை, காலிஃபிளவரிலும் காளானிலும் உள்ள மானிடால் ஆகியன இவ்வினத்தைச் சேர்ந்தவை.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். இவை நஞ்சல்ல. பெரும்பாலோர்க்கு இவை நன்மையே செய்வன. குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாவன. மென்மையான வயிற்றினர்க்கும் அளவு மிகும்போதுதான் தொல்லை. நம் விருந்து ஏன் சிலரை வருத்துகிறது என்பது இதனால் விளங்கும். சாம்பாரில் சிறிது வெங்காயமும் துவரம்பருப்பும், வடையில் உளுந்தும் வெங்காயமும், பூரியில் கோதுமை, பாயசத்தில் பால், இறுதியில் ஒரு துண்டு மாம்பழம். ஒவ்வொன்றும் சிறிதே ஆயினும் ஒரே வேளையில் எல்லாம் கூடிப் பெருஞ்சுமை ஆகிவிடுகிறது. அவற்றுள் எதனைக் குற்றம் சொல்வது? கடைசியாக உண்டதன் மீது பழியைப் போட்டு அதனை ஆயுள் முழுதும் விலக்குகிறோம்!

நிற்க. உணவை மாற்றுவதற்கு முன் செய்யவேண்டிய கடமை ஒன்று உண்டு. காரணமின்றி உடல் இளைத்தல், மலத்தில் இரத்தம், இரத்தசோகை, காய்ச்சல், உறக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது கழிச்சல், விழுங்குவதில் தடை, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை, குடும்பத்தில் குடற்புற்று ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் சமையலறையை விட்டு மருத்துவரிடமே செல்ல வேண்டும். மேலும், கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் சிறுகுடல் சிதையும் 'சீலியக்' நோய் வட இந்தியாவில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவரிடம் காணப்படுகிறது. தெற்கே அது குறைவு. அதனைக் கண்டறிய இரத்தச் சோதனை உண்டு. ஆனால் கோதுமையை உண்டுகொண்டிருக்கும்போதே அச்சோதனையைச் செய்ய வேண்டும். நான் அவசரப்பட்டுக் கோதுமையை முன்னரே நிறுத்திவிட்டமையால், சோதனைக்கென்றே மீண்டும் பல வாரம் ரொட்டியுண்டு துன்புற நேர்ந்தது. எனக்கு அந்நோய் இல்லை என்று தெரிந்தது. அவ்வறியாமையால் விளைந்த துன்பம் உங்களுக்கு வேண்டாம்.

இனி, உணவுமுறைக்கு வருவோம். நம் பாட்டிமார் 'பத்தியம்' என்றொரு முறை வைத்திருந்தனர். பிள்ளை பெற்றவளுக்கும் நோயுற்றெழுந்தவர்க்கும் குறித்த நாள் வரை பத்தியம். அந்நாள் கடந்ததும் 'பத்தியம் முறித்தல்' என்று ஒரு நாள் உண்டு. தொடக்கத்தை மட்டும் நினைவில் வைத்து முடிவை மறந்தவர்கள் நாம். மோனாஷ் ஆராய்ச்சியாளர் கூறும் முறையும் மூன்று படிகளை உடையது. முதற்படியில், இரண்டு முதல் ஆறு வாரம் வரை மேற்கூறிய பொருள்களைக் குறைத்தல். இரண்டாம் படியில், ஒருவகையைச் சிறிதளவில் தொடங்கி மூன்று நாள் அளவைக் கூட்டிச் சோதித்தல். இடையே ஓய்வு விட்டு அடுத்த வகையை எடுத்தல். மூன்றாம் படியில், தாங்கியவற்றையெல்லாம் உணவில் மீண்டும் சேர்த்து, தாங்காதவற்றை மட்டும் தாங்கும் அளவுக்குக் குறைத்தல். ஒரு குறிப்பேடும் பேனாவும் இதற்குப் போதும். உணவியல் அறிந்தவரின் துணையும் இருப்பின் மிக நன்று. முதற்படியிலேயே தங்கிவிடுபவர் நான் விழுந்த குழியில் விழுவர்.

முதலில் வெங்காயத்தையும் பூண்டையும் எடுத்துக்கொள்வோம். இவ்விரண்டும் இல்லாமல் சுவை ஏது என்று இளைஞர்கள் கேட்கலாம். நம் கோயில் மடப்பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். புளியோதரையிலும் மிளகுப் பொங்கலிலும் வெங்காயம் உண்டா? நம் அண்டை வீட்டார் பலரும் இக்கலையில் வல்லவர்கள். சமண சமயத்தார் சமையலில் வெங்காயமும் பூண்டும் இல்லை. காஷ்மீரப் பண்டிதர் பெருங்காயமும் சுக்கும் சோம்பும் கொண்டு மணமூட்டுகின்றனர். வங்காளத்து 'நிராமிஷ' உணவும் இவ்விரண்டையும் விலக்கியதே. தில்லியில் வாழ்வதால் நமக்குக் கிட்டிய செல்வம் இது. பக்கத்து வீட்டு அடுக்களையில் கற்றுக்கொள்ள எத்தனையோ இருக்கின்றன.

இதில் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. ஃப்ரக்டான் நீரிற் கரையும், எண்ணெயிற் கரையாது. ஆதலால் சாம்பாரில் வெங்காயத்தைக் கொதிக்கவிட்டு, உண்ணும்போது பொறுக்கி எறிவதால் பயனில்லை. அது குழம்பில் இறங்கிவிட்டது. ஆனால் பூண்டை எண்ணெயில் வறுத்து, மணம் இறங்கியபின் பூண்டை அகற்றிவிட்டு, அவ்வெண்ணெயில் தாளிக்கலாம். வெங்காயத் தாளின் பச்சைப் பகுதியையும் தாராளமாகச் சேர்க்கலாம். அதன் வெள்ளைக் கிழங்கு வேண்டாம். பெருங்காயம் இவ்விடத்தில் பேருதவி செய்யும். எனினும் கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு. சீலியக் நோயுடையோர் உறையைப் படித்து வாங்க வேண்டும்.

அடுத்தது பருப்பு. மரக்கறி உண்போர்க்குப் புரதத்தின் முதுகெலும்பு இதுவே. இதனை முற்றும் துறப்பது தவறு. ராஜ்மாவும் கொண்டைக்கடலையும் இந்நகரின் செல்லப் பிள்ளைகள்; ஆனால் மென்மையான வயிற்றை மிகவும் சோதிப்பன. தோல் நீக்கிய பாசிப்பருப்போ அவ்வளவு வருத்துவதில்லை. எப்பருப்பாயினும் பல மணி நேரம் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் நன்றாக வேகவைத்தால் தொல்லை தரும் சர்க்கரைகளில் ஒரு பகுதி நீங்கும். வெந்த பருப்பு இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி மெல்ல உயர்த்தலாம். இட்லி மாவு புளிக்கும்போது அதிலுள்ள நுண்ணுயிர்கள் உளுந்தின் சர்க்கரையை ஓரளவு தாமே தின்றுவிடுகின்றன. நாம் உண்ணுமுன் மாவு பாதி செரித்துத் தருகிறது எனலாம். ஆனால் தில்லிக் குளிரில் மாவு பொங்க மறுக்கும். சிறிது வெந்தயம் ஊறவைத்தரைத்து, பாத்திரத்தைக் கம்பளியாற் சுற்றி, வெதுவெதுப்பான இடத்தில் கூடுதல் நேரம் வைக்க வேண்டும். பொங்காத மாவில் வார்த்த இட்லி வயிற்றிற் கல்லாய்க் கிடப்பதை நான் அனுபவத்திற் கண்டவன்.

பாலைப் பற்றி ஒரு சொல். குழந்தைப் பருவத்திற்குப் பின் பாற்சர்க்கரையைச் செரிக்கும் நொதி மனிதரிற் பெரும்பாலோர்க்குக் குறைகிறது. வடமேற்கு இந்தியரினும் தென்னிந்தியரிடம் இக்குறை மிகுதி. பஞ்சாபி நண்பர் பெரிய குவளையில் பால் அருந்துகிறாரே என்று நாமும் முயல வேண்டியதில்லை. ஆயினும் தயிரை விட்டுவிடாதீர்கள். உறைக்கும் நுண்ணுயிர் பாற்சர்க்கரையில் ஒரு பகுதியை மாற்றிவிடுவதால் பாலைத் தாங்காதவர் பலரும் தயிரைத் தாங்குவர். துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த தயிரிலும் நீர் பிழிந்த பனீரிலும் அது இன்னும் குறைவு. மரக்கறி உண்போர்க்குப் பி12 சத்து இயற்கையாகக் கிடைப்பது பால் வகையிலேயே. பால், தயிர் இரண்டையும் விலக்குபவர் மருத்துவரிடம் கேட்டு அச்சத்தை மாத்திரையாகவேனும் பெற வேண்டும். என் கால்கள் எனக்குக் கற்பித்த பாடம் இது.

தானியத்தில் நமக்கு நற்பேறு உண்டு. அரிசியைத் தாங்காத வயிறு அரிது. அவ்வரிசியையே சேவையாக, ஆப்பமாக, பிடிகொழுக்கட்டையாக, அவலாக, பொரியாக, உப்புமாவாக, கஞ்சியாக மாற்றி மாற்றி உண்ணும் கலை நம்முடையது. இதனோடு வடவரின் நோன்பு உணவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நவராத்திரியில் அவர்கள் கோதுமை, அரிசி, பருப்பு, வெங்காயம், பூண்டு யாவும் விலக்கிச் சமைக்கின்றனர். 'சமக்' என்று அந்நாள்களில் கடைதோறும் விற்பது நம் குதிரைவாலிதான். 'குட்டு' என்னும் மாவு கோதுமை இனத்தைச் சேர்ந்ததன்று; ஆயினும் நாட்பட்டால் கெடும் இயல்பினதாகையால் புதிதாக அரைத்ததையே வாங்க வேண்டும். அவர்கள் நோன்பு தோறும் உண்ணும் சாபுதானா, மரவள்ளிக் கிழங்கிலிருந்து பெருமளவில் நம் சேலத்தில் செய்யப்படும் ஜவ்வரிசியே. சேலத்து ஜவ்வரிசி தில்லியில் நோன்புணவாகி நம் தட்டுக்கே திரும்பி வருவது மகிழ்ச்சிக்குரியதன்றோ?

காரத்தைப் பற்றியும் கூற வேண்டும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. அதற்கு முன் நமக்குக் காரம் தந்தது மிளகே. மிளகாயிலுள்ள காப்சைசின் என்னும் பொருள் வெப்பத்தை உணரும் நரம்பு வாயிலைத் தட்டியெழுப்புகிறது. இதனைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அத்தகைய வாயில்கள் குடலிலும் உள. ஆகவே கூர்மையான குடலுக்கு மிளகாய் எரிகிறது என்றால் அது நடிப்பன்று. மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி ஆகியவற்றை அளவோடு கொண்டே சுவையூட்டலாம்.

காப்பியைத் தொடாமல் ஒரு தமிழ்ச் சொற்பொழிவு நிறைவு பெறுமா? வெறும் வயிற்றில் காப்பி அருந்தினால் குடல் விரைந்து இயங்குவது இயற்கை. மேலும் நாம் கலக்கும் சிக்கரிக் கிழங்கில் இனுலின் என்னும் ஃப்ரக்டான் மிகுதியாக உண்டு. அதன்மேல் பாலும் சேர்கிறது. எனவே சிக்கரி கலவாத தூளில், பாலைக் குறைத்து, இரண்டு இட்லிக்குப் பின் ஒரு சிறு குவளை அருந்திப் பாருங்கள். சிக்கரியைத் துறந்தவர் காப்பியைத் துறக்க வேண்டி வராது என்பது என் அனுபவம்.

'இவையெல்லாம் சரி, நாளை என்ன சமைப்பது?' என்று தாய்மார்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. முதற்படிக் காலத்திற்கு எங்கள் வீட்டில் வகுத்த வாரப் பட்டியலைக் கூறுகிறேன்.

திங்களன்று காலை இட்லியும் சிறிது தேங்காய்த் துவையலும். நண்பகல் சீரக ரசமும் புடலங்காய்ப் பொரியலும். இரவு பாசிப்பருப்புச் சிறிதளவே சேர்த்த கிச்சடி. செவ்வாயன்று கேரட்டும் வேர்க்கடலையும் சேர்த்த அவல் உப்புமா, மிளகு குழம்பும் கத்தரிக்காய் வதக்கலும், எலுமிச்சைச் சேவை. புதனன்று அரிசிக் கஞ்சியும் நார்த்தங்காய் ஊறுகாயும், பூசணிக்காய்க் கூட்டு, தோசை. வியாழனன்று மராட்டியர் முறையில் ஜவ்வரிசிக் கிச்சடி, எலுமிச்சைச் சாதமும் வெண்டைக்காய்ப் பொரியலும், குதிரைவாலிப் பொங்கல். வெள்ளியன்று அரிசி உப்புமா; பாசிப்பருப்பும் மிளகும் அரைத்த பொரித்த குழம்பு; மீண்டும் இட்லி. சனியன்று பிடிகொழுக்கட்டை; புளியோதரையும் வெள்ளரிப் பச்சடியும்; குட்டு மாவு ரொட்டியும் சீரகம் தாளித்த உருளைக்கிழங்கும். ஞாயிறன்று ஆப்பம், தேங்காய்ச் சாதமும் பீன்ஸ் பொரியலும், மிளகு ரசம் சாதம். பழத்திற்கு ஆரஞ்சு, பப்பாளி, மிகக் கனியாத வாழை ஆகியன. ஒரு வாரத்தில் இருபத்தொரு வேளை. இட்லியைத் தவிர ஒன்றும் இருமுறை வரவில்லை. வீட்டிலுள்ளோர் அனைவரும் இதனையே உண்ணலாம். இருவகைச் சமையல் தேவையில்லை. ரவையும் சேமியாவும் கோதுமையே என்பதை மட்டும் மறவாதீர்கள்.

இவற்றோடு சில பழக்கங்களும் வேண்டும். குறித்த நேரத்தில் உண்ணல், மென்று உண்ணல், பெருவேளை ஒன்றை இரு சிறுவேளையாகப் பிரித்தல், எண்ணெயிற் பொரித்ததைக் குறைத்தல் ஆகியன செலவின்றிக் கிட்டும் மருந்துகள். குஜராத்தில் விளையும் இசப்கோல் உமியைப் போதிய நீருடன் சிறிதளவில் தொடங்கி உட்கொள்வது பலர்க்குக் குடலை ஒழுங்குபடுத்துகிறது. மனக்கவலையும் குடலைக் கலக்கும் என்பதைத் தேர்வுக்குச் செல்லும் மாணவரும் மாற்றல் ஆணைக்கு அஞ்சும் அரசு ஊழியரும் நன்கறிவர்.

இறுதியாக, நம் சங்கத்திற்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்க விரும்புகிறேன். முதலாவது, இனிவரும் ஒவ்வொரு விழாப் பந்தியிலும் ஒரு குழம்பும் ஒரு பொரியலும் வெங்காயம், பூண்டு இன்றிச் சமைக்கப்பட வேண்டும். இரண்டாவது, பரிமாறும் ஒவ்வொரு வாளியிலும் அதில் வெங்காயம், பால், கோதுமை உண்டா என்று ஒரு சிறு சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு பேனாவும் பத்துத் துண்டுக் காகிதமும். மூன்றாவது, 'இன்னும் கொஞ்சம்' என்று அன்போடு வற்புறுத்தும் நாம், ஒருவர் 'போதும்' என்றால் அதனையும் அன்போடு ஏற்க வேண்டும். 'இவ்வளவுதானா? என்ன உடம்பு இது!' என்னும் ஒரு சொல், அடுத்த ஆண்டு அவரைப் பந்திக்கே வராமற் செய்துவிடும்.

ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு இச்சங்கப் பந்தி வெறும் சாப்பாடு அன்று. உறவினர் அருகில் இல்லாத இடத்தில் உறவாகக் கூடி அமரும் இடம் அது. அதிலிருந்து ஒருவர் வயிற்றின் காரணமாக விலகிப்போனால் இழப்பு அவர்க்கு மட்டும் அன்று, நமக்குந்தான். சென்ற பொங்கலன்று இலையை மடித்த அம்மூவரும் இவ்வவையில் இருப்பார்களாயின் அவர்களுக்குச் சொல்வேன்: பத்தியம் தொடங்கியவர் அதனை முறிக்கும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். வரும் பொங்கலன்று உங்கள் அருகில் நானும் அமர்கிறேன். நாம் நால்வரும் பொறுமையாக, அளவறிந்து, ஆனால் முழு இலையில் உண்டு எழுவோம்.